படக்கதையில் இரட்டை ஒற்றன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், அருவங்காட்டில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று அமைப்பாளர் தொலைபேசியில் அழைத்தபோது, "உங்கள் முனைவர் பட்ட ஆய்வு சங்க இலக்கியத்தில் தூதும் ஒற்றும் பற்றியதுதானே, அதிலிருந்தே ஏதாவது பேசிவிடுங்கள்" என்றார். ஒப்புக்கொண்டு, இரண்டு நாள் கழித்துத் தலைப்பை அனுப்பினேன். மறுபடியும் அழைத்தார். "அம்மா, படக்கதை என்று இருக்கிறதே, பாடாண்திணை என்று இருக்க வேண்டுமோ?" என்று மிகப் பணிவாகக் கேட்டார். இல்லை, படக்கதைதான் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நல்லது, இளைஞர்கள் வருவார்கள்" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு முதற்கண் என் நன்றி.

அவர் தயங்கியதில் வியப்பில்லை. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பதிவு செய்யச் சென்ற நாளில், தமிழ்ப் படக்கதைகளின் மொழிநடையை ஆராய விரும்புகிறேன் என்று நான் சொன்னபோது, எதிரில் அமர்ந்திருந்த பேராசிரியர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "காமிக்ஸா? அதில் ஆராய என்ன இருக்கிறது, பொம்மையா?" என்றார். நான் வாதிடவில்லை. ஒற்றர்களைப் பற்றிய படக்கதைகளை வைத்துவிட்டு, ஒற்றர்களைப் பற்றிய புறப்பாடல்களை எடுத்துக்கொண்டேன். ஆகவே இன்றைய உரை ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் ஒத்திவைக்கப்பட்ட ஒன்று எனக் கொள்ளலாம்.

இதனை இந்த ஊரில் பேசுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. வெடிமருந்துத் தொழிற்சாலை நூறாண்டுகளுக்கு மேலாக நிற்கும் ஊர் அருவங்காடு. அடையாள அட்டை காட்டாமல் அதன் வாயிலைக் கடக்க இயலாது. நம் வட்டத்து உறுப்பினர்களுள் பலர் பகலெல்லாம் அந்த வாயிலுக்கு உள்ளே இருந்துவிட்டு, மாலையில் கவிதையோடு வெளியே வருபவர்கள். உள்ளே ஒரு வாழ்வும் வெளியே ஒரு வாழ்வுமாக இருப்பது இன்னதென்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒற்று என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு ஒற்று என்று பெயர். வேவு பார்ப்பவனுக்கும் அதே பெயர். இலக்கணத்தில் ஒற்று இரட்டித்தல் மிக இயல்பான நிகழ்ச்சி. கல் என்பதோடு எறிந்தான் சேர்ந்தால் கல்லெறிந்தான் ஆகிறது, யாரும் கோபப்படுவதில்லை. அரசியலில் ஒற்று இரட்டித்தால் கழுமரம். ஓர் அரசனிடம் கூலி பெற்றுக்கொண்டு அவன் பகைவனுக்கும் செய்தி கொண்டு செல்பவனை, அல்லது அவ்வாறு செல்வதாகக் காட்டி முதல் அரசனுக்கே உழைப்பவனை, இரட்டை ஒற்றன் என்கிறோம். இந்த 'அல்லது' என்ற சொல்தான் அவன் வாழ்வு முழுவதும். எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்பது அவனுக்கே தெரியாத நாட்களும் இருக்கலாம்.

வள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். 59ஆம் அதிகாரம். அதனை ஆழ்ந்து படித்தால், அதன் பிற்பகுதி முழுவதும் இரட்டை ஒற்றனைப் பற்றிய அச்சமாகவே இருப்பது புலப்படும். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதவாறு ஆள வேண்டும். மூவர் சொல் ஒத்திருந்தால்தான் நம்ப வேண்டும். பிறர் அறிய அவனுக்குச் சிறப்புச் செய்யவும் கூடாது. அத்தனையும் அரசனின் பக்கமிருந்து சொல்லப்பட்டவை. மூன்று பேருள் ஒருவனாக நிறுத்தப்பட்டு, தன்னை இன்னொருவன் கண்காணிக்கிறான் என்பதும் தெரியாமல், பாராட்டும் பெறாமல் காட்டிலும் ஊரிலும் அலைபவனின் உள்ளம் அங்கே பேசவில்லை. அது பொருட்பால். அரசன் கற்க வேண்டிய நூலில் ஒற்றனின் உறக்கமின்மைக்கு இடமில்லை. குறையாகச் சொல்லவில்லை, வகுப்பில் மாணவர்க்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்.

சங்க இலக்கியத்தில் இதைவிட நெருக்கமான ஒரு காட்சி உண்டு. கவிஞர்களாகிய நீங்கள் அனைவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. புறநானூற்று 47ஆம் பாடலின் பின்னணி அது. இளந்தத்தன் என்னும் புலவன் நலங்கிள்ளியிடமிருந்து புறப்பட்டு உறையூருக்குச் சென்றான். உறையூரில் இருந்தவன் நெடுங்கிள்ளி, நலங்கிள்ளிக்குப் பகைவன். அங்கிருந்து இங்கு வந்தவன் ஒற்றனாகத்தான் இருப்பான் என்று நெடுங்கிள்ளி அப்புலவனைக் கொல்ல முற்பட்டான். கோவூர்கிழார் இடைப்புகுந்து, பரிசில் தேடித் திரியும் புலவர் வாழ்க்கை எத்துணைத் தீங்கற்றது என்பதை எடுத்துரைத்து அவன் உயிரைக் காத்தார். நண்பர்களே, அன்று வெளியூர்ப் பயணமே புலவனுக்கு இரட்டை ஒற்றன் என்ற பழியைத் தேடித் தந்தது. இன்று நம்மிடையே மரபுக் கவிஞர் வீட்டில் காலைத் தேநீரும் புதுக்கவிஞர் வீட்டில் மாலைச் சிற்றுண்டியும் கொள்வோர்க்கு ஏறத்தாழ அதே நிலைதான். (சிரிப்பு). கோவூர்கிழார்தான் குறைவு.

நான் கவலையோடு கவனித்தது ஒன்று உண்டு. இளந்தத்தனைக் காக்கப் பாடிய பாட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சூழலில் இளந்தத்தன் என்ன நினைத்தான் என்பது இல்லை. குற்றஞ்சாட்டப்பட்டவனின் வாய் மூடியே இருக்கிறது.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் அதில் வருகின்றன. இரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிசோழ பிரமாதிராசன் என்றும் மறுபெயர்கள். பிரமாதிராசன் என்பது அரசில் உயர் அதிகாரம் வகித்த அந்தணர்க்கு வழங்கிய பட்டம். அரசின் பட்டத்தைத் தாங்கிக்கொண்டே அரசிளங்குமரனைக் கொன்றவர்கள் என்பதே கல்வெட்டின் குற்றச்சாட்டு. ஏவியவர் யார், காரணம் என்ன என்பதில் அறிஞர்கள் இன்னமும் ஒத்த கருத்துக்கு வரவில்லை. கல்வெட்டின் கவலை அதுவன்று. அவர்களுடைய நிலங்களும் உறவினர் பலரின் நிலங்களும் பறிக்கப்பட்டு விற்கப்பட்டதைப் பதிவு செய்வதே அதன் நோக்கம்.

அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை எழுதினார். அதில் இடும்பன்காரி என்று ஒரு சிறு பாத்திரம் வருவான். கடம்பூர்ச் சம்புவரையர் மாளிகையில் சேவகம் செய்துகொண்டே, பாண்டியனின் ஆபத்துதவிகளுக்காக வேவு பார்ப்பவன். நந்தினியைப் பற்றிப் பேசாத தமிழ் வாசகர் இல்லை. இடும்பன்காரியைப் பற்றி யாராவது ஒரு கட்டுரை எழுதியிருந்தால் நான் படிக்க ஆவலாய் இருக்கிறேன். எசமானின் வாயிலைக் காத்துக்கொண்டே எசமானின் பகைவர்க்குக் கதவு திறந்து விடுபவன் அவன். மணியத்தின் ஓவியங்களோடு அந்நாவல் வாரந்தோறும் வந்ததை நம் பெரியவர்கள் வெட்டித் தைத்து வைத்திருந்தார்கள். படமும் கதையும் சேர்ந்தே ஒரு பாத்திரத்தை நம் மனத்தில் நிறுத்தும் வழக்கம் நமக்கு அன்றே இருந்தது.

இனி, படக்கதைக்கு வருகிறேன். படக்கதைக்கு என்று ஓர் இலக்கணம் உண்டு. பாத்திரம் வாய்விட்டுப் பேசினால், சொற்கள் கூர்வால் உடைய ஒரு குமிழிக்குள் எழுதப்படும். மனத்திற்குள் நினைத்தால், மேகம் போன்ற ஒரு வடிவத்திற்குள் எழுதப்பட்டு, சிறு சிறு வட்டங்களால் தலையோடு இணைக்கப்படும். முன்னதைப் புறம் என்றும் பின்னதை அகம் என்றும் வகுப்பில் நான் சொல்வதுண்டு. மாணவர் சிரிப்பார்கள், ஆனால் மறப்பதில்லை. நாடகத்திலும் திரைப்படத்திலும் மனத்துள் எண்ணுவதைக் காட்ட ஏதேனும் தந்திரம் செய்தாக வேண்டும். படக்கதையிலோ, ஒரே கட்டத்தில், ஒரே நொடியில், ஒரே தலைக்கு மேல் இரண்டும் அருகருகே நிற்கலாம். வாய் 'உத்தரவு, தலைவா' என்கிறது. மேகம் 'இன்னும் இரண்டு நாள்தான் உனக்கு' என்கிறது. உலகில் எந்தக் கலைவடிவமும் இரட்டை ஒற்றனுக்கு இத்துணை வசதியான வீட்டைக் கட்டித் தந்ததில்லை என்பது என் துணிபு.

தமிழில் இந்த வடிவத்தைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தது சிவகாசி. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் 1962 முதல் வேலியண்ட் என்னும் இதழில் வந்த கதை அது. நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் உடலில் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் மறையாது. நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி, அவன் தொடக்கத்தில் கொடியவன் என்பது. நகரத்தையே அச்சுறுத்தியவன், பின்னர்த் திருந்தி இரகசிய அமைப்பு ஒன்றின் உளவாளியானான். 1984இல் வந்த லயன் காமிக்ஸின் ஸ்பைடரும் குற்றவாளியாகத் தொடங்கிக் குற்றவாளிகளின் பகைவனாக மாறியவன்தான். தமிழ்ச் சிறுவர்கள் கொண்டாடிய பெரும் நாயகர்களுள் இருவர் பக்கம் மாறியவர்கள் என்பது நோக்கத்தக்கது. பெரியவன் பக்கம் மாறினால் அவன் திருந்தியவன், நாயகன். சிறியவன் மாறினால் துரோகி.

லயன் வழியாகத் தமிழுக்கு வந்த இரத்தப் படலம் இதனை இன்னும் சிக்கலாக்கிற்று. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்து 1984இல் தொடங்கிய பெல்ஜியத் தொடர் அது. நினைவிழந்து கடற்கரையில் கண்டெடுக்கப்படும் ஒருவன், ஒரு குடியரசுத் தலைவரைக் கொன்றவன் தானேதானோ என்று தேடிக்கொண்டு போகிறான். கொலையாளியின் முகத்தை அறுவை மருத்துவத்தால் ஏற்றுச் சதிகாரர்களிடையே ஊடுருவ அனுப்பப்பட்டவன் அவன் என்பது பின்னால் தெரிகிறது. எந்தப் பக்கத்து ஆள் என்பதைத் தானே புலனாய்வு செய்யும் ஒற்றன்! அதைப் பற்றித் தனியே ஒரு நாள் பேசலாம்.

அமெரிக்கப் படக்கதைகளில் டெர்ரா என்ற ஒரு சிறு பெண் உண்டு. இளைஞர் அணியொன்றில் தோழியாகச் சேர்ந்து, பகைவனுக்கு உளவு சொன்னவள். 1984இல் அவள் மடிந்தாள். படைத்தவர்கள் தொடக்கத்திலேயே அவளைத் துரோகியாகவும் சாகப்போகிறவளாகவும் திட்டமிட்டே படைத்தார்கள். பதின்பருவத்துப் பெண்பிள்ளையை அவ்வாறு திட்டமிட்டுப் படைத்ததை என்னால் இரசிக்க முடியவில்லை. கடந்து செல்கிறேன்.

நான் இன்று நீண்ட நேரம் நிற்க விரும்புவது ஃபிராங்க் வுல்ஃப் என்பவனிடம். பெல்ஜிய ஓவியர் எர்ஜே படைத்த டின்டின் வரிசையில், நிலவுப் பயணத்தைப் பற்றிய இரு நூல்கள் 1953லும் 1954லும் வெளிவந்தன. மனிதன் நிலவில் கால் வைப்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு. சில்டேவியா என்னும் கற்பனை நாட்டில், மலைகளுக்கு நடுவே ஓர் அணு ஆராய்ச்சி நிலையம். நம் ஊரைப் போலவே காவலும் அனுமதிச் சீட்டும் உள்ள இடம். அங்கே பேராசிரியர் கால்குலஸ் ராக்கெட் கட்டுகிறார். அவருக்கு உதவியாளனாக இருக்கும் பொறியாளன் வுல்ஃப். மெல்லிய குரலில் பேசுபவன், வேலையில் கெட்டிக்காரன். முதல் நூல் முழுவதும் அவன் யாரென்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. இரகசியங்கள் வெளியே போகின்றன. சோதனை ராக்கெட்டைப் பகைவர் தம் வசப்படுத்த முயல்கிறார்கள். டின்டினின் முன்யோசனையால் பொருத்தப்பட்டிருந்த அழிப்புக் கருவிதான் அதை அவர்கள் கையில் சிக்காமல் தகர்க்கிறது. அப்போதும் வுல்ஃப் ஒரு கட்டத்தின் ஓரத்தில் நிற்கிறான், அவ்வளவே.

இரண்டாம் நூலில் உண்மை வெளிப்படுகிறது. ராக்கெட்டில் ஒளிந்து வந்தவன் ஒருவன் இருக்கிறான். ஜோர்கன் என்று பெயர் சொல்லிக்கொள்ளும் அவன், 1939இல் நூலாக வந்த ஒட்டோகர் மன்னனின் செங்கோல் கதையில் அரசனின் மெய்க்காப்பு அதிகாரியாக இருந்துகொண்டு அண்டை நாடான போர்டூரியாவுக்கு உழைத்த அதே போரிஸ். பழைய இரட்டை ஒற்றன் புதிய இரட்டை ஒற்றனை ஆட்டி வைக்கிறான். மற்றவர்களை நிலவிலேயே விட்டுவிட்டு ராக்கெட்டைக் கடத்த முயன்று தோற்கிறார்கள். வுல்ஃப் அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறான். முன்னொரு காலத்தில் சூதாடினான், கடன்பட்டான். கடனை அடைத்தவன் பதிலுக்குச் செய்தி கேட்டான். முதலில் சிறு செய்தி. பிறகு மீள முடியவில்லை. நாட்டுப்பற்றாலோ கொள்கையாலோ அவன் துரோகி ஆகவில்லை. கடனால் ஆனான். எனக்குத் தெரிந்த துரோகங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன.

திரும்பும் வழியில் ஜோர்கன் கட்டிலிருந்து விடுபட்டு எல்லோரையும் சுட முனைகிறான். வுல்ஃப் பாய்ந்து தடுக்கிறான். அந்தப் போராட்டத்தில் துப்பாக்கி வெடித்து ஜோர்கன் இறக்கிறான். பிறகு இன்னொரு கணக்கு வருகிறது. இருக்கும் பிராணவாயு எல்லோருக்கும் பூமி வரை போதாது. எல்லோரும் மயங்கிக் கிடக்கும் வேளையில் வுல்ஃப் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே போய்விடுகிறான். வெளியே என்றால் வெட்டவெளி.

அக்கடிதத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஏதேனும் அற்புதத்தால் தான் பிழைக்கக்கூடும் என்ற பொருள்பட ஒரு வரி அதில் இருக்கிறது. விண்வெளியில் குதித்தவன் எப்படிப் பிழைப்பான்? தற்கொலையை ஏற்காத கத்தோலிக்கச் சூழலின் கண்டனத்தை எண்ணியே அவ்வரியை எர்ஜே சேர்த்தார். பின்னாளில் அதற்காக வருந்தவும் செய்தார். எழுத்தாளன்மேல் விழும் நெருக்கடியைப் பார்த்தீர்களா? தன் பாத்திரத்தின் பக்கமும் நிற்க வேண்டும், தன்னைக் கண்காணிப்போரின் பக்கமும் நிற்க வேண்டும். அந்த ஒரு வரியில் எர்ஜேயே இரட்டை ஒற்றன் ஆகிவிட்டார்.

இன்னொன்று. எர்ஜே வுல்ஃபின் இரகசியத்தை எண்ண மேகத்தில் எழுதி நமக்கு முன்கூட்டிக் காட்டவில்லை. மேகம் என்னும் வசதி கையில் இருந்தும் அதைப் பூட்டிவைத்தார். முகத்தைச் சுற்றித் தெறிக்கும் சில வியர்வைத் துளிகள் மட்டும்தான். உண்மை தெரிந்தபின் நாம் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டுகிறோம். அடடா, இங்கே நின்றிருக்கிறானே, இங்கே தலை குனிந்திருக்கிறானே என்று காண்கிறோம். திரைப்படத்தைப் போல ஓடிவிடாமல், காகிதம் காத்திருக்கிறது. உள்ளுறையைச் சொல்லித் தரும்போது மாணவரிடம் நான் இதைத்தான் எதிர்பார்க்கிறேன்: பாட்டின் கடைசி அடி தெரிந்தபின் முதலடியில் இருந்த பறவையைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் இவன் என்ன பாடுபடுவான் என்பது இன்னும் சுவையானது. பிரெஞ்சு மூலத்தில் முன்னிலைக்கு 'து', 'வு' என இரண்டு சொற்கள் உண்டு. ஆங்கிலத்திற்கு வந்ததும் எல்லாம் ஒரே 'யூ'. பேராசிரியரிடமும் அதே சொல், ஆட்டி வைப்பவனிடமும் அதே சொல். ஆங்கில வுல்ஃபுக்கு வசதிதான். வங்காளத்தில் டின்டினை ஆனந்தமேளா இதழில் மொழிபெயர்த்தவர் நீரேந்திரநாத் சக்கரவர்த்தி. சாகித்திய அகாதெமி விருது பெற்ற பெருங்கவிஞர். அம்மொழியில் முன்னிலை மூன்று வகை, ஒவ்வொரு குமிழியிலும் கவிஞர் ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். தமிழிலோ நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிகள். அவற்றுக்குமேல் ஐயா, அண்ணே, தலைவா, டேய். தமிழில் ஒருவன் இரண்டு எசமானர்களிடம் பேசினால், வாயைத் திறந்த மறுகணமே யார் பக்கம் எவ்வளவு சாய்கிறான் என்பது வினைமுற்றிலேயே தெரிந்துவிடும். 'வந்தீர்களா' என்பதற்கும் 'வந்தியா' என்பதற்கும் இடையில்தான் அவன் உயிர் ஊசலாடுகிறது. நம் மொழியில் துரோகம் செய்வதற்கு நல்ல இலக்கணப் பயிற்சி வேண்டும்.

இது நூலில் கற்றதன்று. 1993ஆம் ஆண்டு, நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, பள்ளி நூலகத்திலிருந்து அந்த இரண்டு ஆங்கில நூல்களையும் எடுத்து வந்தேன். வீட்டில் தாத்தா இருந்தார். குன்னூருக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது. அதற்கு முன்பே முத்து காமிக்ஸ் இதழ்களை அவருக்கு நான் படித்துக் காட்டுவது வழக்கம். குமிழியில் இருப்பதை உரக்கவும், மேகத்தில் இருப்பதைத் தணிந்த குரலிலும் படிப்பேன். ஒரு நாள் மறந்து எல்லாவற்றையும் ஒரே குரலில் படித்துவிட்டேன். "இத வெளிய சொன்னானா, மனசுக்குள்ளயா?" என்று நிறுத்திக் கேட்டார். அதன்பின் ஒருபோதும் நான் மறக்கவில்லை.

ஆங்கில நூலை வரிக்கு வரி தமிழாக்கிச் சொன்னேன். வுல்ஃப் பேராசிரியரிடம் பேசும்போது 'ஐயா, நீங்க' என்றேன். ஜோர்கன் வுல்ஃபிடம் பேசும்போது 'டேய், நீ' என்றேன். வுல்ஃப் ஜோர்கனிடம் என்ன சொல்வான்? எனக்குத் தெரியவில்லை. 'நீ' என்று சொல்லிப் பார்த்தேன். தாத்தா தலையசைத்தார். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. கடன் குடுத்தவன்ல்ல. 'நீங்க'ன்னுதான் வரும். ஆனா வாய்க்குள்ளயே வரும்" என்றார். முனைவர் பட்டம் பெற்ற பின்னும், முன்னிலைப் பெயர்களைப் பற்றி இதைவிட நுட்பமான உரையை நான் எந்த உரையாசிரியரிடமும் கண்டதில்லை.

தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். இதைச் சொல்லாமல் இவ்வுரையை முடித்தால் நானும் மேகத்துக்குள் பேசியவளாவேன். நான் பிறப்பதற்கு வெகு காலத்திற்கு முன், அவர் வேலை பார்த்த தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு ஒரு போராட்டம் நடந்தது. மேஸ்திரி என்பவர் துரைக்கும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் நடுவே நிற்பவர். துரையிடம் ஒரு மொழி, மலைச்சரிவில் ஒரு மொழி. போராட்டத்தில் முன்நின்ற சிலரின் பெயர்கள் துரைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர்களுக்கு வேலை போயிற்று, லைன் வீடும் போயிற்று. மேஸ்திரிதான் காட்டிக் கொடுத்தார் என்று லைன் வீடுகளில் பேச்சு. அதே நேரத்தில், இவன் போராட்டக்காரர்களுக்கு உள்ளேயிருந்து சேதி சொன்னவன் என்று துரைக்கும் ஐயம். அவரைக் கீழ் வேலைக்கு மாற்றினார்கள். இரு பக்கமும் அவரை மற்றப் பக்கத்து ஆள் என்றது.

எது உண்மை என்று எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது. வேலையிழந்த குடும்பங்களுக்குப் பல மாதங்கள் இரவில் அரிசி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார் என்று பாட்டி ஒருமுறை சொன்னதாக அம்மா சொல்வார். அது நல்ல மனமா, குற்றமுள்ள மனமா? சிறுமியாக இருந்தபோது, நல்ல மனம் என்று நம்பினேன். ஆய்வு மாணவியாக இருந்தபோது, குற்றமுள்ள மனம் என்று நினைத்தேன். இப்போது, நாற்பத்தைந்தைத் தாண்டிய பின், இரண்டும் ஒரே மூட்டையில் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. அவரைக் கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் தலைக்கு மேல் எந்த ஓவியரும் ஒரு மேகம் வரைந்து வைக்கவில்லை.

வுல்ஃபின் கதையைச் சொல்லி முடிக்க மூன்று மாலைகள் ஆயின. அவன் துரோகி என்று தெரிந்த இடத்தில், வழக்கம்போல் 'அயோக்கியன்' என்று தாத்தா சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "அவனுக்குப் பொண்டாட்டி புள்ள உண்டா?" என்பது. புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை என்றேன். "இருக்கும். எழுத விட்டுருப்பாங்க" என்றார்.

கடைசி மாலையில், அவன் கதவைத் திறந்துகொண்டு போனதைச் சொன்னேன். வெளியே மழை. அடுப்படியில் அம்மா சட்னி அரைத்துக்கொண்டிருந்த ஓசை மட்டும் கேட்டது. கடிதத்தை எனக்குத் தெரிந்த தமிழில், தணிந்த குரலில் சொன்னேன். அற்புதத்தால் பிழைத்தாலும் பிழைப்பான் என்ற வரியையும் சொன்னேன். அதை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

"அந்தக் கடிதாசிய மத்தவங்க படிச்சாங்களா?" என்றார்.

"படிச்சாங்க தாத்தா."

"எல்லாருமா? அந்தக் கோவக்கார கேப்டனுமா?"

"எல்லாரும்தான்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.